சுவர் எழுப்பாத பாகப்பிரிவினை: டி.என்.டி. 2024 விதிப்புத்தகம்

நான் உள்பட ஐந்து பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய புத்தகம் இது. வந்து சேரும்போதே ஒரு மூலை நசுங்கியிருந்தது. எந்தக் கடை என்று கேட்காதீர்கள், மாற்றித் தர மூன்று வாரம் ஆகும் என்றார்கள், பொறுமை இல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டோம். மூலையைப் பற்றி இன்று யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. ஆனால் புத்தகம் வந்த நாலாவது ஞாயிற்றுக்கிழமை, ஆறு வருஷமாக ஒரே மொட்டைமாடியில் உட்கார்ந்து டி.என்.டி. என்ற கதை ஆட்டத்தை ஆடிய கும்பல் ரெண்டாக உடையப் பார்த்தது. அதனால் அட்டை எப்படி, படம் எப்படி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி.என்.டி.) தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார், அவருக்கு டி.எம். என்று பெயர், எங்கள் கும்பலில் அது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "அந்தக் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் உடைகிறதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஜெயித்தது யார் என்ற கேள்வியே கிடையாது, ஒரே கதை வருஷக்கணக்கில் ஓடும். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கொண்டுவந்த ஆட்டம். இப்போது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனியிடம் இருக்கிறது, அந்தக் கம்பெனிக்கு மேலே ஹாஸ்ப்ரோ. ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. ஆட்டத்துக்கு ஐம்பது வயதான 2024இல், செப்டம்பர் மாதம், 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' மறுபடி எழுதப்பட்டு வந்தது. பழையது 320 பக்கம், இது 384.

எங்கள் இடம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி. தண்ணீர் டேங்க் நிழல், நாலு மணிக்கு மேல் கடல்காற்று, பேப்பர் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு செருப்பு. சண்டை வந்தால் வரைபடம் வேண்டுமே, அதற்குக் கேரம் போர்டைக் குப்புறப் போட்டு பின்பக்க பிளைவுட்டில் சாக்பீஸால் கட்டம் கிழிப்போம். கறுப்புக் காயின் கோப்ளின் என்ற குட்டிப் பூதம், வெள்ளை எலும்புக்கூடு, ரெட் எப்போதும் பெரிய தலை. பின்பக்கம் குறுக்கே ஓடும் மரச்சட்டம் ஆறு வருஷத்தில் கோட்டைச் சுவராகவும் ஆற்றுப் பாலமாகவும் ஒருமுறை செத்துப்போன டிராகனின் முதுகெலும்பாகவும் இருந்திருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் போய் கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் அள்ளிய காசிமா எங்கள் பக்கத்துப் பெண், அப்படிப்பட்ட ஏரியாவில் போர்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தால் கீழ்வீட்டுத் தாத்தா திட்டாமல் என்ன செய்வார்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், தனியாக எடுத்துப் படித்தால் இது 2014 புத்தகத்தைவிட நல்ல புத்தகம். விதிகளுக்கெல்லாம் பின்னால் ஓர் அகராதி வைத்திருக்கிறார்கள், ஆட்டத்தின் நடுவில் "ஒளிந்துகொள்வது எப்படி" என்று தேட இருபது பக்கம் புரட்ட வேண்டியதில்லை. சண்டைக்காரன், மந்திரவாதி என்று பாத்திரங்களுக்கு 12 வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் 4 கிளை, ஆக 48, எல்லாருக்கும் சமமாகப் பந்தி. மங்க், அதாவது வெறுங்கையால் சண்டை போடும் துறவி, ஆடுகிறவர்கள் பலம் போதவில்லை என்று பத்து வருஷம் அழுதார்கள், அந்த அழுகை நின்றது. களைப்பு விதி முன்பு ஒவ்வொரு படிக்கும் ஒரு தனித் தண்டனை என்று மனப்பாடச் செய்யுள் மாதிரி இருக்கும், இப்போது ஒவ்வொரு படிக்கும் பகடையில் 2 குறைவு, வேகத்தில் 5 அடி குறைவு, ஆறாவது படியில் சாவு. முடிந்தது.

அப்புறம் ஆயுதத் திறன். சண்டைக்காரன் பாத்திரத்தை ஆடும் அண்ணன் கண்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவர், வாரம் பூராவும் ஷிஃப்ட், ஞாயிறு ஒரு நாள்தான் இது. அவருடைய பெரிய சம்மட்டிக்கு இப்போது ஆளைச் சாய்க்கும் குணம் உண்டு, அடி பட்டால் எதிரி உடல்வலுச் சோதனையில் தப்ப வேண்டும், தப்பாவிட்டால் தரையில். முதல் அடியிலேயே ரெட் காயின் சாய்ந்தது, நாங்கள் சாய்ந்த ஆளுக்கு மேல் ஒரு தீக்குச்சி வைப்போம், அந்தத் தீக்குச்சியை அவர் தன் கையாலேயே எடுத்து வைத்தார். "ஆறு வருஷமா 'அடிக்கிறேன்', 'அடிக்கிறேன்'னு மட்டும்தான் தம்பி சொல்லிக்கினு இருந்தேன்" என்றார். அந்த முகத்துக்காகவே ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம். (அவர் ஒரே சுற்றில் நாலு தடவை அடிக்கும்போது நாலு தடவையும் நான் சோதனைப் பகடை உருட்ட வேண்டும், அது என் கஷ்டம், அதை யாரும் கேட்பதில்லை.)

இதுவரை எல்லாம் சுபம். தகராறு காசிமேட்டு அக்காவிடம் ஆரம்பித்தது.

அக்காவின் அப்பா விசைப்படகில் போனவர். அக்கா எப்போதும் மந்திரவாதி, அதுவும் கடலோடி மந்திரவாதி. கச்சான் காற்று எப்போது கொண்டல் காற்றாகத் திரும்பும் என்று பார்த்துப் பார்த்து அறிவு வளர்த்தவன், அதிலிருந்து மந்திரம் கற்றவன் என்று ஒரு கதை வைத்திருக்கிறார். 2014 புத்தகத்தில் பாத்திரத்தின் திறன் கூட்டல், அதாவது பலம், அறிவு மாதிரி எண்களில் கூடுதலாகக் கிடைப்பது, எல்ஃப், ட்வார்ஃப் என்று ஆட்டத்தில் இருக்கும் கற்பனை இனத்திலிருந்து வரும், எல்ஃப் என்றால் சுறுசுறுப்பு, ட்வார்ஃப் என்றால் உடல்வலு. பிறந்த குலத்தை வைத்துத் திறமையைத் தீர்மானிக்கிறீர்களே என்று பல பேர் எதிர்த்தார்கள், நியாயமான எதிர்ப்பு. 2020இல் வந்த ஒரு துணைப் புத்தகம் அந்தக் கூட்டலை விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2024இல் என்ன செய்தார்கள் என்றால், 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'உயிரினம்' என்று மாற்றி, திறன் கூட்டலைக் கொண்டுபோய் 'பின்னணி'யில், அதாவது அந்த ஆள் முன்பு பார்த்த வேலையில் கட்டினார்கள். மொத்தம் 16 பின்னணி. மாலுமியைத் தேர்ந்தெடுத்தால் பலம், சுறுசுறுப்பு, விவேகம் இந்த மூன்றில்தான் கூட்டலாம். மந்திரவாதிக்கு வேண்டியது அறிவு. அறிவு வேண்டுமா, மாலுமியாக இருக்காதே, போய்ப் படித்த பண்டிதனாக இரு.

அக்கா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "இன்னாப்பா, கடலுக்குப் போறவனுக்கு அறிவு ஏறாதுன்னு எழுதி வச்சிருக்கானா?"

பதில் சொல்ல முடியவில்லை. பிறப்பிலிருந்து பிரித்துத் தொழிலில் கட்டினால் தப்பு சரியாகிவிடும் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு, பிறப்பும் தொழிலும் ஒரே கயிற்றின் ரெண்டு முனையாக இருந்த ஒரு ஊர்க்காரர்கள் இதைப் படிப்பார்கள் என்று தோன்றியிருக்காது. வேண்டுமென்று செய்ததில்லை, ஆனால் இங்கே படிக்கும்போது சுருக்கென்று இருக்கிறது.

இன்னொன்றும் போய்விட்டது. பழைய புத்தகத்தில் மாலுமிக்குக் கப்பல் பயணச் சலுகை உண்டு, எந்தத் துறைமுகத்திலும் தனக்கும் கூட்டாளிகளுக்கும் காசில்லாமல் கப்பலில் இடம் பிடிக்கலாம். அதை வைத்து ஒருமுறை அக்கா மொத்தக் கும்பலையும் எரிகிற ஊரிலிருந்து கப்பலேற்றினார், அந்தக் கப்பலில் என்ன சரக்கு இருந்தது என்ற கேள்வியிலிருந்து எங்களுக்கு மூன்று மாதக் கதை கிடைத்தது. பகடையே உருட்டாத ஒரு விதி அது. அந்த இடத்தில் இப்போது மாலுமிக்குக் கிடைப்பது சாராயக்கடை அடிதடித் திறமை, வெறுங்கையால் குத்தினால் சேதம் கூடும், ஆளை 5 அடி தள்ளலாம். சண்டையில் உபயோகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் புத்தகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் இந்த ரெண்டு வரியைத்தான் காட்டுவேன். இப்படித்தான் பாத்திரத்தின் லட்சியம், பிடிப்பு, பலவீனம் என்று உருட்டிப் பார்க்கும் அட்டவணைகளும் போய்விட்டன, புதுசாக வருகிறவர்களுக்கு அதுதான் கைப்பிடியாக இருந்தது.

பின்னணியை நீங்களே தயார் செய்துகொள்ளலாமே என்பீர்கள். 2014இல் அதற்கான அனுமதி ஆடுகிறவர் புத்தகத்திலேயே இருந்தது. இப்போது அது நவம்பர் 2024இல் வந்த டி.எம். புத்தகத்துக்கு இடம் மாறிவிட்டது. அதாவது இன்னொரு ஐந்தாயிரம்.

பாலடின் என்ற புனித வீரனை ஆடும் தம்பி கல்லூரி இரண்டாம் வருஷம். அவன் பிரச்சினை வேறு. பாலடினுக்கு ஸ்மைட் என்று ஒன்று உண்டு, வாள் பட்டபிறகு "இதில் ஸ்மைட் போடுகிறேன்" என்று சொல்லி மந்திர சக்தியை எரித்துக் கூடுதல் பகடை உருட்டலாம். பழைய விதியில் ரெண்டு அடி பட்டால் ரெண்டிலும் போடலாம். புதிய விதியில் ஸ்மைட்டே ஒரு மந்திரம், ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் உப செயலைத் தின்றுவிடும், அதனால் உன் முறைக்கு ஒன்றுதான். மந்திரம் என்பதால் எதிரி மந்திரவாதி தடுக்கப் பார்க்கலாம், சத்தம் எழாத வட்டத்துக்குள் நின்றால் வரவே வராது. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று டி.எம்.மாக எனக்குத் தெரியும், மூன்று வாரம் தயாரித்த வில்லனை இந்தப் பையன் ஒரே சுற்றில் முடித்துவிட்டு அத்தோ நூடுல்ஸ் வாங்கப் போய்விடுவான். விதி மாற்றம் சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் அவன் கேட்டதும் சரி: "என் கேரக்டர் தூங்கி எழுந்ததும் பலவீனமாயிட்டானா அண்ணே? கதையில என்ன ஆச்சுன்னு சொல்லுங்க." கதையில் ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் ஒரு புத்தகம் அச்சானது, அவ்வளவுதான்.

கடைசியாக ட்ரூயிட், அதாவது காட்டு மந்திரவாதி, ஆடும் மச்சான். அவனுக்கு இரட்டை அடி. அவன் பாத்திரம் பாதி எல்ஃப், பாதி மனிதன், புதிய புத்தகத்தின் 10 உயிரினங்களில் அப்படி ஒருவனே இல்லை, பாதி ஓர்க் என்ற முரட்டு இனத்தானும் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஓநாய்களைத்தான் அவனால் விட முடியவில்லை.

பழைய விதியில் மிருகங்களை வரவழைக்கும் மந்திரம் ஒன்றால் எட்டு ஓநாய் கொண்டுவரலாம். எட்டு ஓநாயும் கூட்டமாகத் தாக்கினால் ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பகடை, ஆக பதினாறு உருட்டல், கடி பட்டால் எதிரி விழுகிறானா என்று இன்னொரு உருட்டல். அவன் முறை வந்தால் மற்றவர்கள் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவார்கள், மிகையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே போவார்கள். புதிய விதியில் ஓநாயெல்லாம் சேர்ந்து ஒரே ஆவிக்கூட்டம், பக்கத்தில் மாட்டுகிறவன் ஒரு சோதனை உருட்ட வேண்டும், தோற்றால் மூன்று பத்துமுகப் பகடை சேதம். அரை நிமிஷத்தில் முடிந்தது. படித்தபோது நான் கும்பிட்டேன்.

ஆனால் அவன் அந்த எட்டுக்கும் பஸ் ஸ்டாப் பெயர் வைத்திருந்தான். கல்மண்டபம், மூலக்கொத்தளம், சுங்கச்சாவடி, அகஸ்தியா, மணிக்கூண்டு, தேரடி, காலடிப்பேட்டை, ராஜா கடை. எட்டுக்கும் எட்டு பாட்டில் மூடி, மூடிமேல் ஸ்கெட்ச் பேனாவால் முதல் எழுத்து. "கல்மண்டபம் மிஸ்ஸு, தேரடி கடிக்குது, அகஸ்தியா... டேய் அகஸ்தியா இருவதுடா!" என்று அவன் கத்தினால் டீ குடிக்கப் போனவர்கள் படியேறி ஓடிவருவார்கள். நாலாவது ஞாயிறு அவன் அந்த மூடிகளைக் கொட்டிவைத்துவிட்டு "இப்ப இதையெல்லாம் என்ன பண்றது?" என்றான். நான் புத்தகத்தைக் காட்டினேன். அவன் பழைய புத்தகத்தைக் காட்டினான். "ரெண்டும் ஒரே ஆட்டம்தானேடா, அவங்களே சொல்லியிருக்காங்களே?"

எனக்குப் பிரச்சினையே அங்கேதான். இந்த மாற்றம் எதுவும் தனியாகச் சண்டை மூட்டக்கூடியது இல்லை. கம்பெனி இதை ஆறாம் பதிப்பு என்று சொல்ல மறுத்தது. 2022இல் அறிவித்தபோது 'ஒன் டி.என்.டி.' என்றார்கள், அப்புறம் அந்தப் பெயரையும் விட்டுவிட்டு, இது புதிய பதிப்பே இல்லை, பழையதோடு ஒத்துப்போகும் என்றார்கள். ஒத்துப்போகிறதா என்றால், பழைய கதைப் புத்தகங்களை ஓட்டலாம், அது உண்மை. ஆனால் காயம் ஆற்றும் மந்திரத்துக்குப் பழைய பெயரேதான், முன்பு ஒரு எட்டுமுகப் பகடை, இப்போது ரெண்டு. ஓநாய் மந்திரம் பெயர் அதேதான், உள்ளே சரக்கு முழுக்க வேறு. பதுங்கியிருந்து தாக்கினால் எதிரி முதல் சுற்றை இழப்பான் என்பது போய், யார் முதலில் என்று பார்க்கும் வரிசைப் பகடையில் மட்டும் பின்தங்குவான் என்று ஆகிவிட்டது. பெயர் ஒன்று, பொருள் ரெண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "எந்தப் புத்தகத்தில்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினால், ஒரு வருஷம் முகம் பார்க்க மாட்டார்கள், அப்புறம் ஒரு கல்யாணத்தில் பேசிக்கொள்வார்கள். சுவர் எழுப்பாமல் குழாய் ஒன்று, கரண்ட் மீட்டர் ஒன்று, அடுப்பு மட்டும் ரெண்டு என்று விட்டால் தினம் தினம் பஞ்சாயத்து. இந்தப் புத்தகம் ரெண்டாவது ரகம்.

சுவர் எழுப்பிய கதையும் இந்த ஆட்டத்தில் உண்டு. 2008 ஜூனில் வந்த நாலாம் பதிப்பு எல்லாவற்றையும் இடித்துக் கட்டியது, எல்லா வகுப்புக்கும் 'எப்போதும்', 'சண்டைக்கு ஒருமுறை', 'நாளுக்கு ஒருமுறை' என்று ஒரே மாதிரிச் சக்திகள், அடி தாங்குகிறவன், அடிக்கிறவன் என்று பாத்திரங்களுக்கு வேலைப் பிரிப்பு, தூரத்தைக்கூட அடியில் சொல்லாமல் கட்டத்தில் சொன்னார்கள். கம்ப்யூட்டர் கேம் மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று பெரிய சண்டை. 2007 வரை அந்தக் கம்பெனியின் பத்திரிகைகளை நடத்திவந்த பைசோ என்ற கம்பெனி, பழைய 3.5 பதிப்பின் திறந்த உரிமத்தை, அதாவது அந்த விதியை வைத்து மற்றவர்களும் புத்தகம் போடலாம் என்ற அனுமதியை, வைத்து 2009இல் பாத்ஃபைண்டர் என்று தனி ஆட்டமே கொண்டுவந்தது, பிடிக்காதவர்கள் அங்கே போனார்கள். நாலாம் பதிப்பு ஆடுகிறவரும் பாத்ஃபைண்டர் ஆடுகிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து "உன் விதியா என் விதியா" என்று கேட்க வழியே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அன்று திட்டு வாங்கிய நாலாம் பதிப்பின் சில ஐடியாக்கள்தான் இன்று திரும்பி வந்திருக்கின்றன, பாதி உயிருக்குக் கீழே இறங்கியவனுக்கு ஒரு தனிப் பெயர், சண்டைக்காரனுக்கு அடிக்கு மேலே ஒரு வித்தை. நம்ம அண்ணன் தீக்குச்சி வைத்துச் சிரித்தது அந்தக் காலத்துச் சரக்குக்குத்தான்.

கோபத்துக்கு விதி மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் அந்தத் திறந்த உரிமத்தை மாற்றப்போகும் வரைவு ஒன்று கசிந்தது, மற்றவர்கள் இந்த விதியை வைத்து வெளியிடும் புத்தகங்களில் 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால் அதற்கு மேலுள்ளதில் 25 சதவீதம் கேட்டது. ஊரே கொந்தளித்தது, ஜனவரி 27ஆம் தேதி கம்பெனி பின்வாங்கி, 2014 அடிப்படை விதிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டது. அடுத்து 2024 ஆகஸ்டில், தங்கள் இணையச் சேவையில் எல்லார் பாத்திரத் தாளிலும் பழைய மந்திரங்களை எடுத்துவிட்டுப் புதியதைப் போடப்போகிறோம் என்றார்கள், காசு கொடுத்து வாங்கியதை எப்படி அழிப்பீர்கள் என்று கேட்டதும் சில நாளில் அதையும் வாபஸ் வாங்கினார்கள். இப்படி ரெண்டு தடவை பாக்கெட்டில் கைவிட்டு மாட்டியவர் மூன்றாவதாக நல்ல சாமானே கொண்டுவந்தாலும், விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பித்தான் பார்ப்பார்கள்.

வாங்கலாமா என்றால், இதுவரை ஆடாதவர்கள், புதுசாகக் கும்பல் சேர்க்கிறவர்கள் இதையே வாங்குங்கள், பழையதைத் தேடி அலையாதீர்கள். அதற்கு முன்னால் 2025இல் புதிய அடிப்படை விதிகளையும் கிரியேட்டிவ் காமன்ஸில் இலவசமாக விட்டிருக்கிறார்கள், அதை வைத்து ரெண்டு மாசம் ஆடிப் பார்த்துவிட்டுக் காசு போடலாம். நடுக்கதையில் இருக்கிறவர்கள் அந்தக் கதையை முடித்துவிட்டு மாறுங்கள். ரெண்டையும் கலந்து ஆடலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் அவர் ரெண்டையும் கலந்து ஆடிப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

நாங்கள் என்ன செய்தோம்? அண்ணன் புதிய சம்மட்டியோடு இருக்கிறார். அக்காவின் மாலுமிக்கு அறிவில் 2 கூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன், புத்தகத்தில் அந்த இடத்தில் அக்காவே பேனாவால் 'அறிவு' என்று சேர்த்து எழுதிவிட்டார், ஐந்தாயிரம் ரூபாய்ப் புத்தகத்தில். தம்பிக்கு ஒரு கோயிலில் சாபம் பட்டதாக ஒரு கதை தயார் செய்து ஸ்மைட்டைப் புதிய விதிக்கு மாற்றினேன், இப்போது அவன் அந்தச் சாபத்தை நீக்க அலைகிறான், நீக்கிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. மச்சான் ஓநாயை விடவில்லை. எட்டுக்குப் பதில் ரெண்டு, மற்றது ஆவிக்கூட்டம் என்று பேரம் பேசிப் பார்த்தேன், எந்த ஆறை விடுவது என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை. போன வாரம் வாட்ஸ்ஆப்பில் தன் பங்கு ஆயிரத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறான். இன்னும் யாரும் கொடுக்கவில்லை.